டிபிஎஃப் விளக்கு எரிந்தால்: ஓட்டுவதா, கழுவுவதா, மாற்றுவதா?

பிஎஸ்6 டீசல் வண்டியின் மீட்டரில், உள்ளே புள்ளிகள் வைத்த ஒரு சின்னப் பெட்டியும் இருபக்கம் குழாயும் வரைந்த மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் (டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர்) அடைத்திருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை அது. அது எரிந்த அன்றே நாலு பக்கமிருந்தும் யோசனை வந்துவிடும். "பைபாஸில் அரைமணி நேரம் மிதித்துவிட்டு வா, தானே அணைந்துவிடும்" என்பார் ஒருவர். "கழற்றி வாட்டர் வாஷ் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்பார் இன்னொருவர். சர்வீஸ் சென்டரில் புது ஃபில்டருக்கு எஸ்டிமேட் நீட்டுவார்கள். பல மாடல்களுக்கு லட்ச ரூபாய்க் கணக்கு. அதைப் பார்த்து மலைத்துப்போய் வெளியே வந்தால், "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு என்ஜின் கம்ப்யூட்டரில் வேறு மேப் போட்டுத் தந்துவிடுகிறேன், அப்புறம் தொல்லையே கிடையாது" என்று நாலாவது ஆள் நிற்பார்.

இந்த நாலில் மூன்று அதனதன் இடத்தில் சரியான வழிதான். இடம் மாறிச் செய்தால் காசும் போகும், ஃபில்டரும் போகும். எந்த வழி என்பதை விலைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உள்ளே சேர்ந்திருப்பது கரியா, சாம்பலா, இல்லை அடைப்பே இல்லாமல் சென்சார் பொய் சொல்கிறதா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். கரி எரியும். சாம்பல் எரியாது. பொய் சொல்லும் சென்சாருக்கு ஃபில்டரைக் கழுவிப் பயனில்லை.

உங்கள் வண்டியில் இது இருக்கிறதா

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 மாசு விதி கட்டாயமானது. பிஎஸ்4 டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை அனுமதி இருந்தது. பிஎஸ்6 அதை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. என்ஜினை மட்டும் திருத்தி இந்த அளவைத் தொட முடியாது என்பதால்தான் வடிகட்டி வந்து உட்கார்ந்தது. எனவே ஆர்சியில் 'பாரத் ஸ்டேஜ் 6' என்று இருந்து, அது டீசல் காராகவோ எஸ்யூவியாகவோ இருந்தால், டிபிஎஃப் உண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் டீசல். அதன் தலையில் பச்சைப் பட்டை இருந்தால் பிஎஸ்6. பிஎஸ்4 காலத்து உள்ளூர் டீசல் கார்களில் பெரும்பாலும் இது கிடையாது. விலையுயர்ந்த சில வெளிநாட்டு பிராண்டுகளில் மட்டும் இருந்தது.

பானட்டைத் திறந்து பார்த்தால், டர்போவை ஒட்டி வெப்பத் தகடு போர்த்திய தடித்த டப்பா ஒன்று தெரியும். சில மாடல்களில் வண்டிக்கு அடியில், முன்சீட்டுக்கு நேர் கீழே இருக்கும். சைலன்சரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதன் முன்னும் பின்னுமிருந்து கிளம்பும் இரண்டு மெல்லிய குழாய்கள். இரண்டும் ரப்பர் ஹோஸாக மாறி, தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்றில் போய்ச் சேரும். அதுதான் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போவதும் அதுதான்.

டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் அது ஆட்ப்ளூவுக்கு. 32.5 சதவீத யூரியா கரைசல். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் என்ற வேறு பொருளுக்கானது. ஆட்ப்ளூ நிரப்பினால் டிபிஎஃப் விளக்கு அணையும் என்று நம்பிக் கேன் கேனாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

கரி எப்படிச் சேர்கிறது, எப்படி எரிகிறது

டப்பாவுக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. ஒர்க்‌ஷாப்பில் 'கல்' என்றும் சொல்வார்கள். சிலிக்கான் கார்பைடாலோ கார்டியரைட்டாலோ ஆனது. ஒன்றுவிட்டு ஒரு துளை முன்பக்கம் அடைத்திருக்கும், மற்றவை பின்பக்கம் அடைத்திருக்கும். உள்ளே நுழைந்த புகை நேராக வெளியேற வழியில்லாமல் நுண்துளைச் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துத் துளைக்குப் போக வேண்டும். போகும்போது கரி சுவரில் தங்கிவிடும்.

நெடுஞ்சாலையில் புகை 250 முதல் 400 டிகிரி சூட்டில் வரும்போது, நைட்ரஜன் டை ஆக்சைடு அந்தக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஊருக்குள் அந்தச் சூடு வராது. கரி ஒரு அளவைத் தொட்டதும் இசியு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், தானே கரியை எரிக்கும் ஆக்டிவ் ரீஜெனரேஷனை (சுருக்கமாக ரீஜென்) தொடங்கும்: பவர் ஸ்ட்ரோக்கின் முடிவில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். அது முன்னால் இருக்கும் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட்டில் எரிந்து ஃபில்டரை 600 டிகிரிக்குக் கொண்டுபோகும். வழக்கமாக 300 முதல் 800 கிமீக்கு ஒருமுறை நடக்கும். 10 முதல் 25 நிமிடம் பிடிக்கும்.

அது நடக்கும்போது கவனித்தால் தெரியும். ஐடிலில் 800 இருந்த ஆர்பிஎம் 900, 1000 என்று நிற்கும். ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. மீட்டரில் அந்த நேரத்து மைலேஜ் சரியும். வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் இரைந்துகொண்டிருக்கும். வீட்டு வாசலில் இந்த ஃபேன் சத்தம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கேட்டால், ரீஜென் முடிவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள் என்று அர்த்தம். பாதியில் நின்ற ஒவ்வொரு முயற்சியிலும் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயில் சம்ப்பில் இறங்கியிருக்கும். எக்ஸாஸ்ட்டிலேயே தனி இன்ஜெக்டர் வைத்த சில என்ஜின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எதுவும் செய்வதற்கு முன் நாலு எண்கள்

டிபிஎஃப் டேட்டா காட்டும் ஸ்கேனர் ஒன்று வேண்டும். வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவிகூடப் பல மாடல்களில், பொருத்தமான ஆப் இருந்தால், படித்துக் காட்டும். ரீஜென் தொடங்கி வைக்க மட்டும் அதனால் முடியாது. பார்க்க வேண்டியவை: கரி (soot) அளவு (கிராமிலோ சதவீதத்திலோ), சாம்பல் அளவு, கடைசியாக முழுதாக முடிந்த ரீஜெனுக்குப் பிறகு ஓடிய தூரம், அழுத்த வித்தியாசம்.

கடைசியானதுதான் முக்கியம், அதையே பலரும் பார்ப்பதில்லை. சாவியை ஆன் செய்து என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் படியுங்கள். பூஜ்யத்தில், அதிகம் போனால் 0.1, 0.2 கிலோபாஸ்கலில் நிற்க வேண்டும். என்ஜினே ஓடாதபோது 1.5 காட்டினால் சென்சார் பழுது. அது பூஜ்யத்துக்கு வராதவரை ஃபில்டரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. அடுத்து, சூடான என்ஜினை ஐடிலில் விட்டுப் பாருங்கள்: நல்ல ஃபில்டரில் பொதுவாக 1 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும். 2500 ஆர்பிஎம்மில், லோடு இல்லாமல், 3 முதல் 5க்குள். நின்ற இடத்தில் 10ஐத் தாண்டினால் அடைப்பு உண்மை. மாடலுக்கு மாடல் எண் கொஞ்சம் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதே கடைசிச் சொல்.

பிறகு அந்த இரண்டு ரப்பர் ஹோஸையும் கழற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். வெப்பத்தில் வெடித்திருக்கும், உருகி ஓட்டை விழுந்திருக்கும், அல்லது உலோகக் குழாய்க்குள் தண்ணீரும் கரியும் சேர்ந்து கட்டியாகியிருக்கும். வேறு வேலைக்குக் கழற்றியவர் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டுப் போவதும் உண்டு. சில நூறு ரூபாய் ஹோஸுக்காக ஃபில்டரையே கழற்றுவது இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் வீண் செலவு.

ஸ்கேனர் காட்டும் பழுதுக் கோட் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பி2463 என்றால் கரி அதிகம். பி242எஃப் என்றால் சாம்பல் அடைப்பு. இந்த வண்டியை எத்தனை கிமீ ஓட்டினாலும் சரியாகாது. பி2452 முதல் பி2455 வரை சென்சார், அதன் வயரிங். பி2002 என்றால் ஃபில்டர் சரியாக வடிகட்டவில்லை: விரிசல் விட்டிருக்கலாம், யாராவது ஏற்கெனவே உள்ளே குடைந்திருக்கலாம். இதற்குச் சுத்தம் செய்வது மருந்தாகாது.

முதல் வழி: ஓட்டி எரிப்பது

விளக்கு அசையாமல் எரிகிறது, செக் என்ஜின் விளக்கு எரியவில்லை, பிக்கப் குறையவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே இது உங்களுக்கான வழி. டீசல் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும். ரிசர்வ் விளக்கு எரிந்தால் பல வண்டிகளில் இசியு ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது. என்ஜின் சூடான பிறகு, 60 முதல் 80 கிமீ வேகத்தில், ஒரு கியர் குறைத்து 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில், நிற்காமல் 20-30 நிமிடம். சென்னைக்காரர்களுக்குப் பெருங்களத்தூர் தாண்டித் திண்டிவனம் பக்கம், கோவைக்காரர்களுக்கு நீலாம்பூரிலிருந்து பெருந்துறை பக்கம், விடியற்காலையில் போனால் போதும். டோல்கேட்டில் ஒரு நிமிடம் நிற்பதால் கெட்டுப்போகாது. 120இல் பறக்கத் தேவையே இல்லை. வேகம் எரிப்பதில்லை, தொடர்ந்து இருக்கும் சூடுதான் எரிக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது 1500 ஆர்பிஎம்மில் டாப் கியரைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

விளக்கு அணைந்தால் உடனே நிறுத்தாமல் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். இரண்டு முறை முயன்றும் அணையவில்லை என்றால் மூன்றாவது முறைக்கு டீசலைச் செலவழிக்காதீர்கள். ரீஜெனை ஏதோ ஒன்று தடுக்கிறது.

விளக்கு மின்னினாலோ, செக் என்ஜினும் சேர்ந்து எரிந்து வண்டி லிம்ப் மோடில் (பவரைத் தானே குறைத்துக்கொள்ளும் நிலையில்) திணறினாலோ மிதித்து எரிக்கப் பார்ப்பது ஆபத்து. அளவுக்கு மீறிய கரி பற்றிக்கொள்ளும் நேரத்தில் சிக்னல் வந்து வண்டி ஐடிலுக்கு இறங்கினால், உள்ளே சூட்டை வெளியே தள்ளும் காற்றோட்டம் குறைந்துவிடும். டீசல் ஐடிலில் ஆக்சிஜனுக்கோ பஞ்சமில்லை. ஒரே இடத்தில் 1000 டிகிரியைத் தாண்டி, கல் விரிசல் விடும் அல்லது உருகும். சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கக்கூடிய ஃபில்டர் அப்படித்தான் பழைய இரும்புக்குப் போகிறது.

இரண்டாவது வழி: ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்ஸ்டு ரீஜென்

நிறுத்திய இடத்திலேயே ஸ்கேனர் கட்டளையால் எரிய வைப்பது. 20 முதல் 40 நிமிடம் ஆகும், செலவு சில ஆயிரத்துக்குள் முடியும். கரி அளவு அபாய எல்லைக்குள் இருக்கும்வரை நல்ல வழி. சில ஐரோப்பிய 2 லிட்டர் என்ஜின்களில் கரி 40 கிராமைத் தாண்டினால் கருவியே மறுத்துவிடும். அந்த மறுப்பை ஏமாற்றி ஓட வைக்கத் தெரிந்தவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

தொடங்குவதற்கு முன் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் அமைப்பு), இன்ஜெக்டர், வெப்பச் சென்சார் கோட் எதுவும் இருக்கக் கூடாது. கூலன்ட் 70 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. வண்டியை வெட்டவெளியில், சிமென்ட் தரையில் நிறுத்துவார்கள். அடியில் காய்ந்த புல்லோ குப்பையோ எண்ணெய்த் துணியோ இருந்தால் தீப்பிடிக்கும். பானட் திறந்தே இருக்கும். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது.

லாரி, வேன், சில எஸ்யூவிகளில் இதற்கென டேஷ்போர்டிலேயே சுவிட்ச் இருக்கும். அதே சுவிட்சுக்குப் பக்கத்தில் ரீஜெனைத் தடுக்கும் சுவிட்சும் இருக்கலாம். டிரைவர் தெரியாமல் அதை அழுத்தி வைத்துவிட்டு, மாதம் முழுக்க விளக்கைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வழி: கழற்றிச் சுத்தம் செய்வது

சாம்பல்தான் பிரச்சினை என்றால் இதைத் தவிர வேறு வழியில்லை, புதிது வாங்குவதைத் தவிர. இந்த வேலையில் நல்லதும் கெட்டதும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

கழற்றியவுடன் இரண்டு முகத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புகை நுழையும் முகம் கறுப்பாக இருப்பது இயல்பு. வெளியேறும் முகம் வெளிறிய சாம்பல் நிறத்தில் அல்லது மணல் நிறத்தில் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே கறுப்புத் திட்டு தெரிந்தால் கல் விரிசல் விட்டுவிட்டது. சுத்தம் செய்யும் காசு மிச்சம், புதிதுக்குப் போகலாம்.

அடுத்து, துளையின் அகலத்தைவிட மெல்லிய கம்பி ஒன்றை நுழையும் முகத்தின் திறந்த துளைக்குள் மெதுவாக விட்டுப் பாருங்கள். கல்லின் நீளம் 150 மிமீ இருந்து, கம்பி 110 மிமீயிலேயே நின்றால், கடைசி 40 மிமீயில் சாம்பல் கட்டி உட்கார்ந்திருக்கிறது. மையத்தில் நாலைந்து துளை, ஓரத்தில் நாலைந்து துளை என்று பாருங்கள். கம்பியின் நுனியில் ஒட்டி வருவது கன்னங்கரேல் என்றால் கரி. வெளிறிய பழுப்புத் தூள் என்றால் சாம்பல். புகையோட்டம் சாம்பலைத் துளையின் கோடிக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்ப்பதால், காற்றையோ தண்ணீரையோ வெளியேறும் பக்கத்திலிருந்துதான் செலுத்த வேண்டும். முன்பக்கமிருந்து அடித்தால் கட்டி இன்னும் இறுகும்.

முறையான கடையில் நடப்பது இது: வந்த ஃபில்டரை எடை போடுவார்கள், காற்றோட்ட அழுத்தத்தை அளப்பார்கள். அடுப்பில் படிப்படியாகச் சூடேற்றி 600 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்துக் கரியை எரிப்பார்கள். அதே போல் மெதுவாக ஆறவிடுவார்கள். பிறகு பின்பக்கமிருந்து துடிப்புத் துடிப்பாகக் காற்றடித்து, முன்பக்கம் வேக்குவத்தில் சாம்பலை உறிஞ்சுவார்கள். வேறு சில இடங்களில் இதற்கென்றே உள்ள சோப்புக் கரைசலும் சுத்திகரித்த நீரும் கொண்டு எந்திரத்தில் அலசி, சூட்டில் உலர்த்துவார்கள். இரண்டு முறையும் நல்லவைதான். சாம்பல் கல்லாக இறுகிப்போயிருந்தால் அலசும் முறை கொஞ்சம் கூடுதலாக எடுக்கும்.

தெருமுனை வாட்டர் வாஷ் என்பது வேறு கதை. பைக் கழுவும் பிரஷர் கன்னால் நெருங்கி அடித்தால் சுவர் மேல் பூசிய கேட்டலிஸ்ட் பெயரும். போர் தண்ணீரின் உப்பு துளைகளில் காய்ந்து நிற்கும். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் கேட்டலிஸ்ட்டே போயிற்று. கல்லையும் டப்பாவையும் பிடித்து வைத்திருக்கும் நார்ப்பட்டை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். சரியாகக் காயாமல் மாட்டி ரீஜென் கொடுத்தால் அடைபட்ட நீராவி கல்லைப் பிளக்கும். கம்பியால் குத்திச் சாம்பலை எடுக்கப் பார்த்து, கோடியில் துளையை மூடியிருக்கும் பீங்கான் அடைப்பையே உடைத்துவிட்டவர்களும் உண்டு. அந்தத் துளை அதன் பிறகு வடிகட்டாது.

கடையைத் தேர்ந்தெடுக்க மூன்றே கேள்வி: முன்னும் பின்னும் காற்றோட்ட அளவைத் தருவீர்களா? எடையைக் காட்டுவீர்களா? எப்படி, எத்தனை மணி நேரம் உலர்த்துவீர்கள்? "பார்த்தாலே தெரியும் சார்" என்பது பதிலல்ல.

கழற்றும் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்போவை ஒட்டிய டப்பாவைக் கழற்ற அரை நாள் போகும். வெப்பச் சென்சார்கள் மரையில் இறுகிப்போய் உடையும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். கேஸ்கட்டும் கிளாம்ப்பும் புதிதாகவே போட வேண்டும்.

கழற்றாமல் சென்சார் துளை வழியாக ஸ்ப்ரே அடிக்கும் முறை கரியை இளக்கும், சாம்பலைத் தொடாது. டீசல் டேங்கில் ஊற்றும் பாட்டில்களில் சில, கரி எரியும் வெப்பநிலையைக் குறைக்கும் உலோகச் சேர்மம் கொண்டவை. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு முன்னெச்சரிக்கையாக ஓரளவு உதவும். அந்த உலோகமும் கடைசியில் சாம்பலாகத்தான் உள்ளே தங்கும் என்பதையும் பாட்டில் வாங்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது: புதிது

கல் உருகிவிட்டது, விரிசல் விட்டுவிட்டது, அல்லது சுத்தம் செய்தும் காற்றோட்டம் திரும்பவில்லை. இந்த மூன்றைத் தவிர வேறு காரணத்துக்குப் புதிது போடத் தேவையில்லை. வாரன்ட்டிக்குள் இருந்தால் மேலே சொன்ன மற்ற வேலைகளுக்கே வெளியாளிடம் போக வேண்டாம். மலிவான டூப்ளிகேட் டப்பாக்களில் கேட்டலிஸ்ட் பூச்சு மெல்லியதாக இருக்கும். சூடு ஏறாமல் ரீஜென் நீண்டுகொண்டே போகும். அதைவிட, நன்றாகச் சுத்தம் செய்த ஒரிஜினல் எவ்வளவோ மேல்.

எடுத்தே விடுவது

இதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை இப்படி மாற்ற அனுமதிப்பதில்லை. 182ஏ(4)இன்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாசு விதியை மீறினால் 190(2)இன்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் வரலாம். புகைச் சோதனையில் புகையின் அடர்த்திக்கு பிஎஸ்4 டீசலுக்கு 1.62 வரை விட்ட வரம்பு பிஎஸ்6க்கு 0.7.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு என்ஜினை மட்டும் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. ஃபில்டர் அடைத்தது இன்ஜெக்டர் ஒழுக்காலோ டர்போ ஆயில் கசிவாலோ என்றால், அந்த நோய் அப்படியே இருக்கும். சொல்லிக் காட்டிய விளக்குதான் போயிருக்கும். மைலேஜ் பிய்த்துக்கொண்டு போகும் என்பதும் மிகை. ரீஜெனுக்குச் செலவாகும் டீசல் சில சதவீதம்தான். தப்பான மேப்பால் என்ஜின் சூடேறிக் கெட்டால் கேட்க நாதியில்லை.

ஃபில்டர் ஏன் மறுபடி மறுபடி அடைக்கிறது

80,000 கிமீக்குள் இரண்டாவது முறை கழற்ற வேண்டி வந்தால் குற்றவாளி ஃபில்டர் இல்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு, இன்டர்கூலர் ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, துளித்துளியாக ஒழுகும் இன்ஜெக்டர், டர்போ சீல், அடைத்த ஏர் ஃபில்டர். எல்லாம் கரியை அள்ளிக் கொட்டுபவை.

அதிகம் பேர் சந்தேகப்படாதது தெர்மோஸ்டாட். திறந்தே நின்றுவிட்டால் என்ஜின் 65, 70 டிகிரியைத் தாண்டாது. மீட்டர் முள் என்னவோ நடுவிலேயே நிற்கும், ஏசியும் நன்றாக வேலை செய்யும், ஓட்டுபவருக்குக் குறையே தெரியாது. இசியு மட்டும் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ரீஜெனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போது ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள்; 80ஐத் தொடவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

ஆயிலுக்கு வருவோம். சாம்பல் வருவது டீசலிலிருந்து அல்ல, பெரும்பாலும் என்ஜின் ஆயிலில் கலந்த கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸிலிருந்து. ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரவரிசையில் சி3 தர ஆயிலில் சல்பேட்டட் ஆஷ் (எரிந்தபின் மிஞ்சும் சாம்பல்) 0.8 சதவீதத்துக்குள். பழைய ஏ3/பி4 வகையில் 1.6 வரை போகலாம். ஒரு லிட்டர் ஆயில் ஏறக்குறைய 850 கிராம்; அது எரிந்து தீர்ந்தால் சி3இல் ஏழு கிராமுக்குள் சாம்பல், மற்றதில் பதினாலு கிராம் வரை. ஒரு கார் ஃபில்டர் தாங்கும் மொத்தச் சாம்பலே நூறு கிராமைச் சுற்றித்தான். லிட்டருக்கு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஆயிலை மாற்றி ஊற்றுவது, ஃபில்டரின் ஆயுளைப் பாதியாக்கும் வேலை. கனரக வண்டிக்குக் கம்பெனி கேட்பது ஏபிஐ சிகே-4 (அமெரிக்க ஆயில் தரம்) என்றால் அதையே ஊற்றுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சமதளத்தில், என்ஜின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் குறைவதைத்தான் எல்லோரும் தேடுவார்கள். இந்த வண்டிகளில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி டீசல் வாடை அடித்தால், அடுத்த சர்வீஸ் கிமீ வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் டர்போ பேரிங்கைத் தின்னும்; அளவு மிக ஏறினால் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கு அடங்காமல் ஓடவும் வாய்ப்பு உண்டு.

வீட்டிலிருந்து எட்டு கிமீயில் அலுவலகம், வாரக் கடைசியில் கடைத்தெரு. ஓட்டம் இவ்வளவுதான் என்றால் மேலே சொன்ன எந்த வழியும் நிலைக்காது. அந்த ஓட்டத்துக்கு டீசல் வாங்கியதே பிழை. அடுத்த வண்டி பெட்ரோலாக இருக்கட்டும். இருக்கும் டீசலை வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி வையுங்கள்.

பழைய பிஎஸ்6 டீசல் வாங்கப் போகிறீர்களா? சைலன்சர் வாய்க்குள் வெள்ளைத் துணியைச் சுற்றித் துடையுங்கள். ஃபில்டர் சரியாக இருந்தால் துணி கிட்டத்தட்டச் சுத்தமாகவே வரும். மை அப்பினால் சந்தேகப்படுங்கள். டப்பாவில் கம்பெனி வெல்டிங்குக்கு மேல் கைவெல்டிங் தடம் இருக்கிறதா பாருங்கள். பிறகு 3000 ஆர்பிஎம்மில் அழுத்த வித்தியாசத்தைப் படியுங்கள்: அப்போதும் 0.1 கிலோபாஸ்கல் என்றால் உள்ளே கல்லே இல்லை, வெறும் டப்பா. ரொம்ப நல்ல எண்ணாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சுத்தம் செய்தாலும் புதிது போட்டாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதிகம் மறப்பதும் அதைத்தான். இசியுவுக்குள் பழைய சாம்பல் கணக்கு அப்படியே இருக்கும். ஸ்கேனரில் புது ஃபில்டர் என்று பதிய வைத்து, சென்சாரின் பூஜ்யத்தையும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் காலி ஃபில்டரை நிறைந்தது என்று நினைத்து நூறு கிமீக்கு ஒருமுறை டீசலைக் கொட்டி எரிக்கும். சுத்தம் மட்டும் செய்திருந்தால் கணக்கை முழுப் பூஜ்யமாக்காமல், கடைக்காரர் தந்த எடையைப் பார்த்து, மீதியிருக்கும் சாம்பலைப் பதிய வைக்க உங்கள் மாடலில் வசதி உண்டா என்று கேளுங்கள். 500 கிமீ ஓடிய பிறகு மறுபடி ஸ்கேனரை மாட்டி, ஐடிலிலும் 2500இலும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு, கடைசி ரீஜென் எத்தனை கிமீக்கு முன் என்று சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த மஞ்சள் விளக்கு எரியும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் வண்டியின் சொந்த எண்களே கையில் இருக்கும்.